தரவரிசைப் பட்டியலோடு ஒரு மே மாதம்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் முடித்த என் மகளுக்கு, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் ஆகிய இரண்டிலும் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. எதை ஏற்பது என்று மே மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முன்னது உலகத் தரவரிசையில் உயரத்தில் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவளோ தயங்கினாள். அந்தத் தயக்கத்தைப் போக்கலாம் என்றே, பட்டியல் எப்படித் தயாராகிறது என்று படிக்க உட்கார்ந்தேன்.

உலகப் பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் கியூஎஸ் பட்டியலின் 100 மதிப்பெண்ணில் 30 கல்வியாளர்களிடமும் 15 முதலாளிகளிடமும் நடத்தும் கருத்தாய்வுகளிலிருந்து வருகின்றன. ஏறக்குறைய பாதி, பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதே. (சம்பந்தம் பேசுமுன் நாம் குடும்பத்தை விசாரிப்பதும் இப்படித்தான்.) ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற கணக்கு ஒன்றுதான் வகுப்பறைக்குச் சற்றேனும் அருகில் வருகிறது; 2023இல் வழிமுறையை மாற்றியபோது அதன் பங்கை 20இலிருந்து 10ஆகக் குறைத்துவிட்டார்கள். அதே ஆண்டுதான் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 11ஆம் இடத்திலிருந்து 8ஆம் இடத்துக்கு ஏறியது. இன்னோர் உலகத் தரவரிசையான ஷாங்காய் பட்டியல் யாரிடமும் கருத்துக் கேட்பதில்லை. முன்னாள் மாணவர்களும் ஆசிரியர்களும் பெற்ற நோபெல் பரிசுகளுக்கும் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கங்களுக்கும் மட்டும் 30 விழுக்காடு தருகிறது. 2024இல் கியூஎஸ் பட்டியலில் 8ஆம் இடம் பெற்ற அதே தேசியப் பல்கலைக்கழகம், ஷாங்காய் பட்டியலின் முதல் 50இல் இல்லை.

இதைக் கண்ட பிறகே, உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வைத் திறந்தேன். படிப்பு வாரியாக எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குவது) எவ்வளவு என்று அது சொல்கிறது. நான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். மகளை இழுத்தது வேறு: தொழில்நுட்பக் கழகத்தில் படிப்பின் பகுதியாகவே பல மாதங்கள் நிறுவனமொன்றில் வேலை பார்க்க வேண்டும்.

ஆனாலும் பட்டியலை வெற்றுக் காகிதம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டன் 2022இல் தொடங்கிய ஒரு வேலை விசா, மூன்று உலகப் பட்டியல்களில் இரண்டிலாவது முதல் 50க்குள் வரும் பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகளுக்கு மட்டுமே அப்போது உரியதாக இருந்தது (2025 நவம்பரில் அந்த எல்லையை விரித்தார்கள்). தொழில்நுட்பக் கழகத்தைத் தேர்ந்தால் அந்தக் கதவு திறக்காது என்பதைச் சொல்லிவிட்டே அவளை முடிவெடுக்கச் சொன்னேன்.

“லண்டனை அப்புறம் பார்த்துக்கலாம்பா” என்று சொல்லிவிட்டுத் தொழில்நுட்பக் கழகத்துக்குச் சம்மதம் அனுப்பினாள். ஊரிலிருந்து பெரியப்பா அழைத்து, “ரேங்க் எத்தனை?” என்று கேட்டபோது தொலைபேசியை அவளிடமே நீட்டினேன்.