மாஸ்கோவிலிருந்து நான்கு பெயர்கள்

1985 அக்டோபரில் லண்டனிலிருந்து மாஸ்கோவுக்குச் சுற்றுலா விசாவில் போனேன். போனது ஒரு யூதக் குடும்பத்தைப் பார்ப்பதற்காக. நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். ரஷ்யர்கள் இவர்களை ‘ஒட்காஸ்னிக்’ என்பார்கள்.

விண்ணப்பிக்க இஸ்ரேலில் உள்ள உறவினரின் அழைப்புக் கடிதம் வேண்டும். ‘விசோவ்’ என்று அதற்குப் பெயர். தபாலில் அனுப்பினால் பல கடிதங்கள் வந்து சேராது. சேர்ந்தாலும், ‘ஓவிர்’ என்னும் விசா அலுவலகம் வேலையிடத்துச் சான்றும் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதமும் கேட்கும். விண்ணப்பித்தது தெரிந்ததும் பலருக்கு வேலை போய்விடும். வேலையில்லாதவர்மீது ‘ஒட்டுண்ணி வாழ்க்கை’ என்று வழக்குத் தொடர அங்கே சட்டம் இருந்தது. 1979இல் 51,000 யூதர்கள் வெளியேறிய நாட்டிலிருந்து, நான் போன ஆண்டில் வெளியேற முடிந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான்.

என்னைத் தயார்செய்தவர்கள் ‘முப்பத்தைந்தினர்’ என்று அழைக்கப்பட்ட லண்டன் பெண்கள். 1971இல் ரைசா பலாட்னிக் என்ற ஒடெஸா நூலகருக்காகக் கறுப்புடை அணிந்து சோவியத் தூதரகத்தின் முன் நின்றவர்கள். ரைசாவுக்கு அப்போது 35 வயது. அதுவே இவர்களின் பெயராயிற்று. முகவரியை எழுதி வைக்காதே, மனப்பாடம் செய். ஹோட்டல் தொலைபேசியைத் தொடாதே, தெருக்கூண்டிலிருந்து இரண்டு கோபெக் நாணயம் போட்டுப் பேசு. வீட்டுக்குள் முக்கியமானதை வாய்விட்டுச் சொல்லாதே. இவ்வளவுதான் பாடம். விமான நிலையத்தில் என் பையிலிருந்த எபிரேய இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகளின் எழுதுபலகையை விட்டுவிட்டார்கள். தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துபோகுமே, அந்தப் பலகை.

அன்றிரவு சமையலறையில் நாங்கள் பேசியதெல்லாம் அதில்தான். முன்பு வந்த அழைப்பில் கணவரின் தந்தைவழிப் பெயரில் ஓர் எழுத்து தவறாம். அதைக் காட்டியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் அந்தப் பெண், தன் பெயர், கணவர், மகன், மாமியார் என நான்கு பெயர்களையும் பிறந்த தேதிகளையும் எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டினார். தாளைத் தூக்கினார். நான் திரும்ப எழுதினேன். ஐந்தாம் முறைதான் பிழையில்லாமல் வந்தது.

வெளிநாட்டில் கூச்சல் போட்டால் உள்ளே இருப்பவர்களுக்கே ஆபத்து என்று எங்கள் ஊரில் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவரிடமே கேட்டேன். “பெயர் தெரியாதவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்” என்று எழுதினார். அதற்குப் பிறகு அந்த வாதத்துக்கு நான் காதுகொடுத்ததில்லை.

விமானம் தரையை விட்டு எழும்பிய பின்புதான் அந்த நான்கையும் தாளில் எழுதினேன். கை நடுங்கியது. புதிய அழைப்பு இஸ்ரேலில் தயாராகி, இன்னொரு பயணியின் கையில் போனது. 1967இல் இரு நாடுகளின் உறவு முறிந்திருந்ததால் இஸ்ரேல் விசாவை மாஸ்கோவில் நெதர்லாந்துத் தூதரகம்தான் தரும். அதற்கும் முதலில் வெளியேறும் அனுமதி வேண்டும். இங்கே நாங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாதந்தோறும் எழுதினோம். அந்தக் குடும்பத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம். ஒப்புகைச் சீட்டு வராதபோதெல்லாம் புகார் கொடுத்தோம். சலிப்பூட்டும் வேலை, ஆனால் ஒரு வாரம்கூட விட மனம் வரவில்லை.

1988 வசந்தத்தில் வியன்னாவிலிருந்து தொலைபேசி வந்தது. முதன்முறையாக அந்தப் பெண்ணின் குரலை நீண்ட நேரம் கேட்டேன். மாமியார் முந்தைய குளிர்காலத்தில் இறந்துவிட்டிருந்தார். அனுமதி வந்தது மூன்று பெயர்களுக்கு.