அணையாத கேத்தலும் கொழும்பில் எழுதிய ரிப்போர்ட்டும்

நான் ஹட்டனில் ஒரு மின்சாதனக் கம்பனியின் சேவை நிலையத்தில், முறைப்பாடு எடுக்கும் மேசையில் இருக்கிறேன். கம்பனியின் பெயர் வேண்டாம், இன்றைக்கும் சம்பளம் அங்கேதான். கொஞ்ச காலத்துக்கு முன் எங்களுடைய புது மாடல் கரண்ட் கேத்தல் ஒன்று, தண்ணீர் கொதித்தும் அணையாமல், வற்றி, அடிப்பாகம் உருகித் திரும்பி வர ஆரம்பித்தது. ஆளுக்குப் பெரிய காயம் என்று எதுவும் வரவில்லை, ஆனால் கந்தப்பளைப் பக்கம் ஒரு லயக் காம்பராவில் மேசைப் பலகை கருகியிருந்தது. இரவு எல்லோரும் தூங்கும் நேரத்தில் நடந்தது, அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இதைப் பற்றிக் கம்பனி வைத்த பாதுகாப்பு விசாரணையில் நானும் போய் உட்கார வேண்டி வந்தது. இப்படி மேசைக்குப் பின்னால் வேலை செய்கிற வேறு ஆட்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு அழைப்பு வரும்போதே ரிப்போர்ட்டின் வரைவு வந்துவிட்டது. முதல் பக்கத்திலேயே காரணம் இருந்தது: பாவனையாளரின் கவனயீனம். தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டிருக்கிறார்கள், மூடியைச் சரியாக மூடவில்லை, அறிவுறுத்தலை வாசிக்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு இப்படியான சாமான் பழக்கமில்லை என்று ஒரு வரி நேராகவே இருந்தது. அதை வாசித்ததும் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபப்பட்டுப் பேசினால் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துவிடுவார்கள் என்று தெரியும்.

அதனால் வரைவைப் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் 'பார்த்தது' அல்லது 'நினைத்தது' என்று எழுதினேன். உருகிய கேத்தலின் அடியில் தண்ணீர் இல்லாமல் சூடேறிய அடையாளம் இருக்கிறது: பார்த்தது. தண்ணீர் ஊற்றாமல் போட்டார்கள்: நினைத்தது. கடைசியில் தண்ணீர் இல்லை என்பதால் தொடக்கத்திலும் இல்லை என்று ஆகாதே. உருகாமல் திரும்பி வந்த கேத்தல்கள் கொழும்பில் ஒழுங்காக அணைந்தன: பார்த்தது. ஆகவே கேத்தலில் பிழையில்லை: நினைத்தது. இப்படிப் போட்டுக்கொண்டு போனால் நான்கு பக்க ரிப்போர்ட்டில் 'பார்த்தது' அரைப் பக்கம்கூட வரவில்லை.

கந்தப்பளைக் கேத்தல் அப்போது எங்கள் ஸ்டோரில்தான் கிடந்தது. எடுத்து உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தேன். உச்சக் கோட்டிலிருந்து அடிவரை சுற்றிச் சுற்றி இஞ்சி நார் காய்ந்து ஒட்டியிருந்தது, மேலே மெல்லிசாக, கீழே போகப் போகக் கருப்பாக. அந்த அக்காவுக்குப் போன் எடுத்தேன். "இஞ்சி தட்டிப் போட்டேன் தங்கச்சி, இவருக்குச் சளி. லைட்டு அணைஞ்சதும் ஊத்துவோம்னு சும்மா கண்ண மூடினேன், அது அணையவே இல்ல." ஒன்றரை லீற்றர் கேத்தல், 1500 வாற்று. கொதித்த பிறகு முழுத் தண்ணீரும் ஆவியாக நாற்பது நிமிடம் அளவு போதும். விடியக்காலையே எழுந்து வேலைக்குப் போகிற மனுஷி நாற்பது நிமிடம் கண்ணயர்வது கவனயீனமா? தானாக அணையும் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டு விற்றது நாங்கள்.

(கூட்டத்தில் இந்த இஞ்சியைக் காட்டியபோது, தண்ணீரைத் தவிர வேறெதுவும் போடக் கூடாது என்று அறிவுறுத்தலில் இருக்கிறது, இதுவே தவறான பாவனைதான் என்றார் ஒருவர். இந்த நாட்டில் இஞ்சி போடாத கேத்தல் எத்தனை இருக்கும்?)

கொழும்புக்காரர்கள்தான் முன்முடிவோடு இருந்தார்கள் என்று சொன்னால் அது நியாயமில்லை. எங்கள் டெக்னீசியன் அண்ணனும் ஒரு முடிவோடுதான் இருந்தார்: வோல்டேஜ். மலையகத்தில் எது பழுதானாலும் கரண்ட் கூடிக் குறையுது என்றுதான் சொல்வோம், பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வந்தால் கேத்தலின் வலு மூன்றில் இரண்டு பங்காகக் குறையும், கொதிக்க நேரமெடுக்கும், அவ்வளவுதான். கொதித்த பிறகு அணையாமல் இருக்க அது காரணமில்லை. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதி ஸ்டெபிலைசர் போட்டு வைத்திருந்தது, அங்கேயும் அணையவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்.

உண்மையில் எனக்குச் சந்தேகம் வந்தது இடத்தில். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவள் நான். அது படிக்காவிட்டாலும், நுவரெலியாவில் பருப்பு வேக நேரமெடுக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை குறையும். 500 மீற்றரில் இருக்கும் கண்டியில் 98க்கு மேலே, ஹட்டனில் 96க்குக் கிட்ட, 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 94. அதற்கு மேல் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் சூடு ஏறாது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். புது மாடலில் அடியில் ஒரு சென்சர் இருக்கிறது, அது குறித்த வெப்பநிலையைத் தொட்டால்தான் கரண்டை வெட்டும். கேத்தலைப் பொறுத்தவரை நுவரெலியாவில் தண்ணீர் இன்னும் கொதிக்கவே இல்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் கொழும்புப் பொறியியலாளர் சேர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டும் நல்ல கேள்விகள். எங்கள் பழைய கேத்தல் நுவரெலியாவில் வருஷக்கணக்காக விற்கிறதே, அது அணைகிறதே? அணையும், ஏனென்றால் அதில் மூடிக்குக் கிட்ட ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, கொதிக்கும்போது நீராவி அதற்குள்ளால் போய் ஒரு ஈருலோகத் தகட்டைச் சூடாக்கி வளைக்கும், டக் என்று சுவிட்ச் விழும். நீராவி நிறைய வந்தால் சரி, 94ஆ 100ஆ என்று அது பார்க்காது. அப்போ றைஸ் குக்கர்? அது தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து அணைவதே இல்லை. தண்ணீர் வற்றி அடி 100ஐத் தாண்டும்போது காந்தம் பிடி விடுவதால் அணைகிறது, எந்த மலையிலும் அணையும். சேர் அதை எழுதிக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆனால் விற்பனைப் பகுதியிலிருந்து ஒரு படம் காட்டினார்கள். முறைப்பாடுகள் எங்கிருந்து வந்தன என்று: கணிசமானவை கொழும்பு. புறக்கோட்டை, வெள்ளவத்தை, மருதானை. மலைதான் காரணம் என்றால் கொழும்பில் ஏன் என்று கேட்டார்கள். என்னிடம் அந்த நேரம் பதில் இல்லை.

திரும்பி வந்து முறைப்பாட்டுப் படிவத்தை எடுத்துப் பார்த்தால், அதில் சாமான் எங்கே பாவிக்கப்படுகிறது என்று கேட்கும் பெட்டியே இல்லை. வாங்கிய கடை, வாங்கிய திகதி, பழுதின் தன்மை, அவ்வளவுதான். அந்தக் கொழும்பு முறைப்பாடுகளின் தொலைபேசி எண்களை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்தேன். புறக்கோட்டையில் கடையில் நிற்கிற தம்பி, தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவுக்கு வாங்கிக்கொண்டு போனது. கேத்தல் இருப்பது இராகலையில். வெள்ளவத்தையில் வீட்டு வேலை செய்கிற பிள்ளை வாங்கியது, இருப்பது நானுஓயாவில். பழுதானதும் வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள், உத்தரவாத அட்டையில் அந்தக் கடையின் முத்திரைதானே இருக்கிறது. மலையகத்து வீட்டுச் சாமானில் பாதி கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏறி வருவது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஆனால் அந்தப் படத்தைப் போட்டவருக்குத் தெரிய வழியில்லை. படிவத்தில் இல்லாதது படத்தில் எப்படி வரும்?

அப்புறம் சோதனை. நுவரெலியாவில் எடுத்த வீடியோவை அனுப்பினால் வெப்பமானி சரியில்லை என்பார்கள் என்று, முதலில் அதை ஐஸ் தண்ணீரில் வைத்து 0 காட்டுவதை எடுத்தோம். பிறகு பெட்டி பிரிக்காத ஒரு புதுக் கேத்தல், கேனில் ஒரே தண்ணீர், வோல்ட்மீற்றர், எல்லாவற்றையும் சேவை வேனில் போட்டுக்கொண்டு ஏ7 வீதியில் அவிசாவளையிலிருந்து மேலே வந்தோம். கொழும்புப் பொறியியலாளரையும் கட்டாயம் வரச் சொன்னேன், நாங்கள் மட்டும் செய்தால் அது எங்கள் கதையாகிவிடும். தெரிந்த கடைகளில் பிளக் பொயின்ட் கேட்டுக் கேட்டுக் கொதிக்க வைத்தோம். அவிசாவளையிலும் கித்துல்கலையிலும் ஒழுங்காக அணைந்தது. கினிகத்தேனையிலும் அப்படித்தான். ஹட்டனில் நீண்ட நேரம் கொதித்துவிட்டு அணைந்தது, திரும்பப் போட்டால் அணையவில்லை. சென்சர் சூடாக்கும் தட்டில் ஒட்டியிருப்பதால் தண்ணீரை விடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அந்தக் கொஞ்சத்தில்தான் ஹட்டனில் ஒரு தரம் தப்புகிறது, ஒரு தரம் தப்புவதில்லை. எங்கள் மேசைக்கு வந்த எத்தனையோ கேத்தலைப் 'பிழை காணப்படவில்லை' என்று திருப்பிக் கொடுத்ததன் விளக்கமும் அதுதான். நானுஓயாவில் வெப்பமானி 95க்குக் கீழேயே நின்றுவிட்டது, கேத்தல் கொதித்துக்கொண்டே இருந்தது. கடைக்கார ஐயா "போதும் சேர், சுவரெல்லாம் நனையுது" என்று சொல்லும் வரைக்கும் யாரும் சுவிட்சில் கை வைக்கவில்லை. அங்கே நின்றுதான் சேர் சொன்னார், 100 என்று எழுதியிருந்தாலும் புரோகிராமில் 97இல் வெட்டும்படி இருக்கிறது என்று. கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம்.

உருகியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வற்றினால் வெட்டுவதற்கு அடியில் தனியாக ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு. அது சூடானால் வெட்டும், ஆறினால் தானாகவே திரும்பவும் இணைக்கும். ஆள் இல்லாமல் விடிய விடிய வெட்டி இணைத்து, வெட்டி இணைத்து, கடைசியில் அதன் தொடுமுனை ஒட்டிப்போய், வெட்ட முடியாமல் ஆகியிருக்கிறது. உருகி வந்தவற்றைத் திறந்து பார்த்ததில் அது தெரிந்தது. அதுவரை யாரும் திறக்கவில்லை, காரணம் ஏற்கனவே எழுதியாகிவிட்டதால் திறக்கத் தேவைப்படவில்லை.

கவனயீனம் என்ற சொல் இறுதி ரிப்போர்ட்டில் இல்லை. அதற்குப் பதிலாக 'உயர்நிலப் பாவனைச் சூழல்' என்று போட்டிருக்கிறார்கள், ஏதோ மலைதான் பிழை செய்தது மாதிரி. அதற்கும் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பில்லை. புரோகிராமை மாற்றினார்கள்: வெப்பநிலை கொஞ்ச நேரம் ஏறாமல் நின்றாலே இனி வெட்டும். படிவத்தில் 'பாவிக்கும் இடம்' என்று ஒரு பெட்டி சேர்ந்தது. பழைய இருப்பை மலைநாட்டுக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள்.

மாற்றிக் கொடுக்கும் விடயத்தில்தான் இழுபட்டது. பில் இருந்தால்தான் மாற்றித் தருவோம் என்று நின்றார்கள். தீபாவளிச் சனத்துக்குள் வாங்கியதற்கு எவர் பில் வைத்திருப்பார்? கந்தப்பளை அக்காவிடமும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் போன் எடுத்து எழுத்தில் முறைப்பாடு கொடுக்கும்படி அவரிடம் சொன்னேன், அது என் மேசையில் இருந்து சொல்லக் கூடியதா என்பது வேறு விடயம். சபையிலிருந்து கடிதம் வந்த பிறகு, அடியில் உள்ள தொடர் இலக்கம் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். ஆகவே இந்த மாதிரி, மூடிக்குக் கிட்ட நீராவி ஓட்டை இல்லாத டிஜிட்டல் கேத்தல் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கம்பனியுடையது என்றாலும், ஒரு தரம் பக்கத்தில் நின்று கொதிக்க விட்டு அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, அடியில் ஒட்டியிருக்கும் அந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உருகினால் முதலில் போவது அதுதான்.