தெருக் கன்றுகளும் சித்திரை வெயிலும்

2024 ஏப்ரல் 14, ஞாயிறு, மதுரை

சித்திரை பிறந்துவிட்டது. தெருமுனை வேம்பின் அடியில் யாரோ விடியற்காலையிலேயே பழைய சேலையை விரித்துவிட்டார்கள். பச்சடிக்கு ஒரு கைப்பிடி பூ போதும். ஆனால் காயவைத்து வருஷம் முழுக்க ரசத்துக்கு வைத்துக்கொள்கிறவர்களும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். பெரிய புங்கனடியில் பூ பொரி இறைத்த மாதிரி கிடக்கிறது.

போன ஐப்பசியில் நாங்கள் வைத்த கன்றுகளுக்கு இதுதான் முதல் கோடை. பெரும்பாலும் புங்கன், கொஞ்சம் பூவரசு, பூங்கா ஓரத்தில் நாவலும் நீர்மருதும். மின்கம்பி போகிற பக்கம் புங்கன் மட்டும்தான். கம்பிக்கு இடைஞ்சல் என்று கிளையைக் கழித்தாலும் மறுபடி தழைத்துவிடும். நீர்மருது நெடுநெடுவென்று உயரும், அதைக் கம்பிக்குக் கீழே வைப்பது மரத்துக்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போடப் போனேன். பள்ளிக்கூட வாசலில் ஒரு தூங்குமூஞ்சி மரம். வரிசை நேராக நிற்க வேண்டியது, நிழல் இருந்த பக்கமாக வளைந்துபோய் நின்றது. காவலுக்கு நின்றவரும் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் நிழலில்தான் நின்றார்.

ஏப்ரல் 22, திங்கள்

இன்று பூமி நாள். மாசி வீதிகளில் மீனாட்சிக்குத் தேரும் இன்றுதான்.

காலையிலேயே தெரு வாட்சப் குழுவில் ஒரு தம்பி, “பூமி நாள் ஸ்பெஷலா பத்து கன்னு வைப்போமாண்ணே?” என்று கேட்டிருந்தான். வேண்டாம் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இந்த நாள் 1970இல் அமெரிக்காவில் தொடங்கியது, கெய்லார்ட் நெல்சன் என்ற செனட்டரின் முயற்சி. ஏப்ரல் அங்கே வசந்தகாலம், பனி போய் மண் இளகியிருக்கும். குழி தோண்ட நல்ல சமயம். இங்கே கடப்பாரை போட்டாலும் மண் இறங்காது. தமிழ்நாட்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. அதை ஒட்டி நட்டால் அந்த மூன்று மாத ஈரத்திலேயே வேர் கீழே இறங்கிவிடும். சித்திரையில் நட்டால் குடத்தோடு அதன் பின்னாலேயே அலைய வேண்டியதுதான்.

அதனால் நமக்கு இது நடுகிற நாள் இல்லை, தண்ணீர் ஊற்றுகிற நாள் என்று குழுவில் எழுதினேன். அப்புறம் சாயங்காலம் அதே தம்பிதான் முதல் ஆளாக வாளியோடு நின்றான்.

தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட மூன்று நான்கு நாளைக்கு ஒருதரம் நிறைய ஊற்றுவது நல்லது. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே சுற்றும். வட்டப் பாத்தியை அகலப்படுத்தி, சருகும் தேங்காய் மட்டையும் போட்டு மூடாக்குப் போட்டோம். தெருக் கூட்டுகிற அக்காவிடம் சருகைக் கொளுத்த வேண்டாம், எங்களிடம் தள்ளிவிடுங்கள் என்று சொல்லியிருந்தோம். “எனக்கும் புகை மிச்சம்” என்றார்.

இந்த வருஷம் பூமி நாளுக்குக் கருப்பொருள் பிளாஸ்டிக் எதிர்ப்பாம். கன்றுகள் வந்ததே கறுப்பு பாலித்தீன் பையில்தான். கிழித்த பைகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். நாற்றுப் பண்ணைக்காரர் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார்.

ஏப்ரல் 24, புதன்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வைகையில் ஓடியது. எங்கள் தெருமுனையிலும் தண்ணீர்ப் பந்தல், மோர்ப் பந்தல். கூட்டம் போன பிறகு பார்த்தால் ஒரு பூவரசின் தாங்குகம்பில் ஒலிபெருக்கி ஒயரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். அவிழ்த்துவிட்டேன். கன்று பிழைத்தது.

பந்தல் போட்டவர்கள் விளிம்பு உடைந்த மண்பானைகளைத் தூக்கிப்போட இருந்தார்கள். கேட்டு வாங்கிவிட்டோம். பானையைக் கன்றுக்கு ஓரடி தள்ளிக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை ஓட்டால் மூட வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். பானைச் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து வேர்ப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஊருக்குப் போகிறவர்களின் வீட்டு வாசல் கன்றுகளுக்கு முதலில் வைத்தோம்.

மே 4, சனி

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. ஆடும் தொடங்கிவிட்டது. பூவரசம் இலை என்றால் ஆட்டுக்கு உயிர், புங்கனை அவ்வளவாகச் சீண்டாது. ஆடு வளர்க்கிற அப்பத்தாவிடம் போய்ச் சொன்னோம். “ஏய்யா, வாயில்லா சீவனுக்கு வேலி எது, கன்னு எதுன்னு தெரியுமா? முள்ள நல்லா வையி” என்றார். நியாயம்தான். சீமைக்கருவேல முள் வெட்டி வந்து சுற்றிலும் கட்டினோம்.

கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்காவும் கணவரும் ஹுலிகல்லிலிருந்து குதூர் போகிற சாலையில் ஆலமரம் வளர்த்தது இப்படித்தான், குடத்தில் தண்ணீர் சுமந்து, முள்வேலி கட்டி. 385 ஆலமரங்கள் என்று சொல்வார்கள். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நட்ட எண்ணிக்கையைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அந்தக் குடம்தான் பெரிதாகத் தெரிகிறது.

மே 17, வெள்ளி

மழை! தண்ணீர் முறை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் விடுமுறை. பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் இறந்துபோன செய்தி சாயங்காலம் வந்தது. அதற்குமேல் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 5, புதன்

உலகச் சுற்றுச்சூழல் நாள். பக்கத்து மைதானத்தில் ஓர் அமைப்பு பெரிய பேனர் கட்டிக் கன்று நட்டது. குழி ஒரு சாண் ஆழம் இருக்கலாம். சில கன்றுகளைப் பையோடே இறக்கியிருந்தார்கள். படம் எடுத்து முடித்ததும் வேன் கிளம்பிவிட்டது.

நானும் தம்பியும் போய்ப் பையோடு இருந்தவற்றைத் தோண்டி எடுத்தோம். பை அடியில் வேர் சுருண்டு கிடந்தது. நடாமல் விட்டுப்போன கன்றுகளும் சுவரோரம் இருந்தன, பெரும்பாலும் வேம்பும் சரக்கொன்றையும். மைதானக் காவல்கார அண்ணன், “எடுத்துட்டுப் போங்க தம்பி, இங்க காய்ஞ்சுதான் போகும்” என்றார்.

ஆனி, ஆடிக் காற்றில் இவற்றை நட முடியாது. மாடிவீட்டு அக்கா துணி துவைக்கிற இடத்து நிழலில் வரிசையாக வைத்திருக்கிறோம், ஐப்பசி வரை அங்கேதான். அதற்குள் வேர் பைக்குள் அடைத்துக்கொள்ளும், பெரிய பைக்கு மாற்ற வேண்டும். யார் வீட்டிலாவது காலி அரிசிச் சாக்கு இருந்தால் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். பத்துக் கிலோ சாக்காக இருந்தால் நல்லது, இருபத்தைந்து கிலோ சாக்கைத் தூக்க முடியாது.