சாத்தான் குடியிருந்த வீட்டின் மாடிப்படிகள்

மாஸ்கோ விமான நிலைய டாக்சிக்காரர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. செயலி காட்டிய கட்டணத்தைப் போல மூன்று மடங்கு கேட்டார். பேரம் பேசியும் இரண்டு மடங்கைக் கறந்துவிட்டார். 2022 முதல் வெளிநாட்டு வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் செல்லாது. கொண்டு போகும் ரொக்கத்தில்தான் பயணம் முழுவதும் ஓடவேண்டும். வந்திறங்கியதுமே அதில் ஓட்டை விழுந்தால் வயிறு எரியாதா? மெட்ரோ மலிவு, வேகம். அதிலேயே போங்கள்.

நான் போனது ரஷ்ய எழுத்தாளர் மிகயீல் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலுக்காக. சாத்தான் தன் பரிவாரத்தோடு வந்து அதிகாரிகளையும் எழுத்தாளர்களையும் பந்தாடும் கதை. மயகோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்திலிருந்து சிறிது நடந்தால், கதை தொடங்கும் பத்ரியார்ஷி குளம். அந்நியர்களுடன் பேசக்கூடாது என்று அங்கே ஒரு பலகையே வைத்திருக்கிறார்கள். நாவலில் இங்கே வெதுவெதுப்பான ஆப்ரிகாட் பானம் குடித்துவிட்டு இருவருக்கு விக்கல் எடுக்கும். இன்று சுற்றிலும் ஆடம்பர உணவகங்கள். காபி விலையைப் பார்த்ததும் எழுந்து வந்துவிட்டேன்.

போல்ஷயா சதோவயா தெரு, 10ஆம் எண் கட்டடம். இதற்காகத்தான் இத்தனை செலவும். தரைத்தளத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகம் இருக்கிறது, அதோடு திரும்பிவிடாதீர்கள். ஆறாம் எண் படிக்கட்டில் ஏறுங்கள். சுவரெங்கும் வாசகர்கள் வரைந்த பூனைகள், கிறுக்கிய வரிகள், பல மொழிகளில். மேலே 50ஆம் எண் வீடு. 1921 முதல் 1924 வரை புல்ககோவ் இங்கே முதல் மனைவி தத்தியானாவுடன் ஒரே அறையில் வாழ்ந்தார். மற்ற அறைகளில் வேறு குடும்பங்கள். சமையலறை எல்லோருக்கும் பொது. நாவலில் இந்த வீட்டைத்தான் சாத்தானுக்குக் கொடுத்தார்.

அந்தச் சமையலறையில் ப்ரைமஸ் ஸ்டவ்களைக் கண்டதும் நின்றுவிட்டேன். நம் வீடுகளில் பாட்டி காலத்தில் இருந்த அதே பம்ப் ஸ்டவ். கைது செய்ய வந்தவர்களிடம், யாருக்கும் தொல்லை தராமல் ப்ரைமஸைப் பழுது பார்ப்பதாகக் சாத்தானின் பரிவாரத்துக் கறுப்புப் பூனை பெகெமோத் சொல்லும் இடம் நினைவுக்கு வந்து உரக்கச் சிரித்தேன். நாவலில் குடியிருப்புச் சங்கத் தலைவர் லஞ்சமாக வாங்கிய ரூபிள்களைக் கழிப்பறையில் ஒளிக்க, அவை டாலர்களாக மாறிப் போலீசில் சிக்கவைக்கும். ஓர் அறைக்காக ஒருவரையொருவர் காட்டிக்கொடுத்த நகரத்தில் உட்கார்ந்து எழுதியது அது. புல்ககோவ் அந்த மனிதர்களின் நடுவே வாழ்ந்தவர். நாவல் இன்றும் உயிரோடிருப்பதற்கு அந்த நெரிசலே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். மாயாஜாலம் எத்தனை பறந்தாலும், லஞ்சத்துக்கு நீளும் கை நமக்கு நன்றாகத் தெரிந்த கை.

பசி காதை அடைத்தது. பக்கத்துச் சந்து ஒன்றில் தட்டேந்தி வரிசையில் நிற்கும் சாதாரண உணவுக்கூடம். போர்ஷ் என்னும் பீட்ரூட் சூப், மேலே ஒரு கரண்டி புளித்த க்ரீம், கறுப்பு ரொட்டி. ருசி அபாரம்! கைக்கடக்கமான செலவில் வயிறு நிறைந்தது.

புல்ககோவ் அடக்கமாகியிருக்கும் நோவோதேவிச்சி கல்லறைத் தோட்டத்துக்கும் கட்டாயம் போங்கள். ஸ்போர்தீவ்னயா மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கலாம். புல்ககோவ் 1930இல் இந்த நாவலின் முதல் பிரதியை எரித்தார். பிறகு மீண்டும் எழுதி, சிறுநீரக நோயால் பார்வை மங்கிய நிலையிலும் மூன்றாவது மனைவி யெலேனாவிடம் திருத்தங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். 1940 மார்ச்சில் இறந்தார். யெலேனா அந்தக் கையெழுத்துப் பிரதியை இருபத்தாறு ஆண்டுகள் காத்தார். 1966 நவம்பரில் 'மாஸ்க்வா' இதழில் தணிக்கையில் வெட்டுப்பட்டு வெளிவந்தபோது, வெட்டிய பகுதிகளை வாசகர்கள் தட்டச்சு செய்து கைமாற்றினார்கள். கணவரின் கல்லறைக்கு, முன்பு எழுத்தாளர் கோகோலின் கல்லறையில் இருந்த பாறையைத் தேடிப்பிடித்து வைத்தவரும் யெலேனாதான். அவரும் அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். படிக்கட்டுச் சுவரில் பெகெமோத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது அவருக்குத் தரவேண்டும்.