வார்சாவில் தமிழ் வகுப்பு: முதல் வாரங்கள்

போலந்துப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டு அக்டோபர் முதல் நாளில் தொடங்குகிறது. வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்க வருகைதரு ஆசிரியராகச் சென்ற எனக்கு, வகுப்புக்கு முந்தைய நாட்களெல்லாம் படிவங்களிலேயே கழிந்தன. தங்குமிடத்தின் முகவரியை அலுவலகத்தில் பதிந்து, பெசெல் எனப்படும் 11 இலக்க அடையாள எண்ணைப் பெற வேண்டும். அதன் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதியைக் கொண்டு அமைவதால் மனப்பாடம் செய்வது எளிது என்பது ஓர் ஆறுதல். துறைச் செயலர் உடன் வந்ததால் இவையெல்லாம் பெரிய சிரமமின்றி முடிந்தன.

வகுப்பறைச் சாவிதான் உண்மையான தேர்வாக இருந்தது. ஒவ்வொரு முறையும் கீழ்த்தளத்தில் இருக்கும் காவலரிடம் அறை எண்ணைச் சொல்லி, ஏட்டில் கையெழுத்திட்டுச் சாவியை வாங்க வேண்டும். நான் எண்ணைத் தாளில் எழுதி நீட்டினால், அங்கிருந்த மூதாட்டி அதை வாங்கிப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பார். வாய்திறந்து போலிஷில் சொன்ன பிறகு, உச்சரிப்பைத் திருத்திவிட்டே சாவியைத் தருவார். எனக்கு வாய்த்த முதல் மொழியாசிரியை அவரே என்பதில் ஐயமில்லை. அவரளவு பொறுமை எனக்கு உண்டா என்பது வேறு கேள்வி.

இந்தியவியலுக்கு வார்சாவில் நீண்ட மரபு உண்டு. சமஸ்கிருதம், இந்தி, வங்காளம் ஆகியவற்றோடு தமிழும் அங்கே கற்பிக்கப்படுகிறது. ஆகவே இலக்கணச் சொற்களைக் கண்டு மிரளாத மாணவர்களே என் முன் அமர்ந்திருந்தார்கள். வேற்றுமைகளை விளக்குவதற்கென்று நான் ஒதுக்கியிருந்த நேரத்தில் பெரும்பகுதி மிஞ்சிவிட்டது. தம் மொழியிலேயே 7 வேற்றுமைகளை வைத்துக்கொண்டு வளர்ந்தவர்களுக்கு நம்முடைய உருபுகள் ஒழுங்கானவையாகவே தோன்றின. திணைப் பாகுபாட்டிலும் அப்படித்தான். போலிஷில் பன்மை வினைகள் இறந்தகாலத்தில் இரண்டாகப் பிரிகின்றன: ஆண்கள் இடம்பெறும் கூட்டத்துக்கு ஒன்று, பெண்கள், விலங்குகள், பொருட்கள் அனைத்துக்கும் சேர்த்து மற்றொன்று. 'வந்தார்கள்', 'வந்தன' என்று கரும்பலகையில் எழுதியவுடன் ஒரு மாணவி, தமிழில் பெண்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார். உயர்திணை என்றதும் வகுப்பில் சிரிப்பு எழுந்தது. தொல்காப்பியத்தின் 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே' என்ற அடியை அன்றே சொல்லிவிட்டேன். அதற்கு அதைவிடப் பொருத்தமான வேளை வாய்த்திருக்காது.

அவர்கள் தடுமாறிய இடங்களோ நான் எளிது என்று கடந்துசெல்ல இருந்தவை. போலிஷில் உயிரொலிகளுக்குக் குறில், நெடில் வேறுபாடு இல்லை. அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயல் அசையில் விழும். அதனால் 'கல்' எது, 'கால்' எது, 'படம்' எது, 'பாடம்' எது என்பது அவர்கள் காதில் நிற்கவில்லை. மெய் இரட்டிப்பதில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அது அவர்கள் மொழியிலும் உண்டு. நெடிலுக்கு மேசையில் இருமுறை தட்டச் சொன்னேன். சில வகுப்புகளுக்குப் பிறகு தட்டாமலே நீட்டத் தொடங்கினார்கள்.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி இதைவிடக் கடினமானது. திரைப்பட வசனங்களைக் காதால் கேட்டு எழுதிவைத்திருந்த ஒரு மாணவர், 'சொன்னாங்கல்ல' என்பதைக் காட்டி, இறுதியில் உள்ள அந்த ஒலி பன்மை விகுதியா, எதிர்மறையா என்று கேட்டார். 'அல்லவா' என்பது தேய்ந்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று விளக்கியபோது, எந்தப் பாடநூலிலும் இது ஏன் இல்லை என்றார். நியாயமான கேள்வி. வெளிநாட்டவருக்கான நம் பாடநூல்கள் பலவும் எழுதும் தமிழைக் கற்பித்துவிட்டு, பேசுவது தானாக வந்துவிடும் என்று நம்புகின்றன. சூழலில் தமிழ் காதில் விழாத ஊரில் அது தானாக வராது.

ஆகவே முதல் மாதம் முடிவதற்குள் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தேன். 90 நிமிட வகுப்பின் முற்பகுதி வாசிப்புக்கும் பிற்பகுதி பேச்சுக்கும் என்றானது. பெயரெச்சங்களை மட்டும் அடுத்த பருவத்துக்குத் தள்ளலாம் என்று எண்ணியிருந்தேன். 'நேற்று நீங்கள் தந்த புத்தகம்' என்பதற்குள் ஒரு முழு வாக்கியம் ஒளிந்திருப்பதைக் கண்டுவிட்ட மாணவர்கள் அதற்கு இணங்கவில்லை, அடுத்த வாரமே வேண்டும் என்றார்கள்.