எட்டு ரன்னிங் பேக்குகளை நான்கு சுற்றுகளுக்குப் பிரித்த கணக்கு

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லில் சீசன் முடிவில் வரும் வெளியேற்றச் சுற்றுகள்தான் ப்ளேஆஃப். அது தொடங்கியதும் எங்கள் அலுவலகத்தில் ஃபேன்டஸி ஆட்டம் ஆடுவோம்: நிஜ வீரர்களைத் தேர்ந்தெடுத்து, களத்தில் அவர்கள் செய்வதற்கேற்பப் புள்ளி சேர்ப்போம். அதற்கு ஒரே ஒரு கடுமையான விதி உண்டு. ஒரு வீரரை ஒருமுறைதான் களமிறக்கலாம். இந்த வாரம் அவரை எடுத்துவிட்டால், அவருடைய அணி இறுதிப்போட்டி வரை போனாலும் மறுபடி எடுக்க முடியாது. நான்கு சுற்றுகள், சுற்றுக்கு இரண்டு ரன்னிங் பேக்குகள், ஆக மொத்தம் எட்டுப் பேர். 2024 சீசனின் ப்ளேஆஃப் 2025 ஜனவரி 11 அன்று தொடங்கியபோது அந்த எட்டுப் பேரை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை எழுதிவைக்கிறேன். இந்த வகை ஆட்டத்தில் புதிதாகச் சேருபவர்களுக்குப் பயன்படும்.

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. அணியின் தாக்குதலை நடத்தி, பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். அவருடைய கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். எங்கள் குழுவில் அவர் ஓடியோ பாஸ் பிடித்தோ கடக்கும் ஒவ்வொரு 10 யார்டுக்கும் ஒரு புள்ளி, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு ஆறு புள்ளிகள், பிடிக்கும் ஒவ்வொரு பாஸுக்கும் அரைப் புள்ளி, பந்தை நழுவவிட்டு எதிரணியிடம் இழந்தால் இரண்டு புள்ளிகள் கழிவு.

குவார்ட்டர்பேக் தேர்வு அவ்வளவு சிரமமில்லை. எந்த அணி ஜெயிக்கும் என்று ஓரளவு கணித்தால் போதும். ரன்னிங் பேக் விஷயம் அப்படியல்ல. அவருக்குப் பந்து கிடைப்பது ஆட்டம் போகும் போக்கைப் பொறுத்தது. அணி முன்னிலையில் இருந்தால் நேரத்தைக் கரைக்க அவரிடமே பந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மூன்று டச்டவுன் பின்தங்கிவிட்டால் எறிந்து ஆடத் தொடங்கிவிடுவார்கள், அவரை மறந்தே போவார்கள். இது போதாதென்று, கோட்டருகே போனதும் பந்தைத் தானே வைத்துக்கொள்ளும் குவார்ட்டர்பேக்குகள் வேறு. அந்த சீசனில் பிலடெல்பியா ஈகிள்ஸின் சக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார். ஆனால் ஓடி அடித்த டச்டவுனில் அவரைவிட அவருடைய குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸுக்கு ஒன்று அதிகம்: ஹர்ட்ஸுக்கு 14, பார்க்லிக்கு 13. பின்னாலிருந்து சக வீரர்கள் தள்ள, ஹர்ட்ஸ் முட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டும் அந்த ஆட்டமுறைதான் காரணம்.

பெரும்பாலானோர் முதல் சுற்றில் இருப்பதிலேயே சிறந்த இருவரை எடுப்பார்கள், அடுத்த வாரம் மிச்சமிருப்பவர்களில் சிறந்தவர்களை எடுப்பார்கள். நான் கணக்கைக் கடைசியிலிருந்து தொடங்கினேன். முதல் சுற்றில் 12 அணிகள் ஆடுகின்றன. தத்தம் பிரிவில் முதலிடம் பிடித்த கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கும் டெட்ராய்ட் லயன்ஸுக்கும் அந்த வாரம் ஓய்வு. இரண்டாம் சுற்றில் எட்டு அணிகள், மூன்றாவதில் நான்கு, இறுதிப்போட்டியில் இரண்டே இரண்டு. எனவே தட்டுப்பாடு வருவது கடைசியில்தான். பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஆடப்போகும் அணிகளிலிருந்து என்னிடம் இரண்டு பேர் மிச்சமிருந்தாக வேண்டும்.

முந்தைய இரண்டு சீசன்களிலும் கோப்பையை வென்றது கான்சாஸ் சிட்டி. அதனால் அவர்களுடைய கரீம் ஹன்டை என்ன நடந்தாலும் கடைசி வரை தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். சீசனின் இரண்டாவது வாரத்தில் அவர்களுடைய முதன்மை ரன்னிங் பேக் ஐசையா பச்சேகோவுக்குக் கால் எலும்பு முறிந்த பிறகு கோட்டருகே பந்து ஹன்டிடம் போகத் தொடங்கியது. பச்சேகோ திரும்பிய பிறகும் அது மாறவில்லை. ஹன்ட் அபார ஆட்டக்காரர் அல்ல. ஆனால் பிப்ரவரியில் களத்தில் இருக்கும் சுமாரான ஆட்டக்காரர், வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும் நட்சத்திரத்தைவிட மேல்.

மற்றவர்களை ஒரு தாளில் அணிவாரியாக எழுதி, ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு விஷயங்களைக் குறித்தேன். ஒன்று, அணியின் பந்துகளில் எத்தனை பங்கு இவருக்கு வருகிறது. இரண்டு, இவருடைய அணி எந்தச் சுற்றோடு வெளியேற வாய்ப்பிருக்கிறது. இந்த இரண்டாவது குறிப்புதான் முக்கியம். வெளியேறப் போகும் வாரத்தில் ஒருவரைப் பயன்படுத்திவிட்டால் அவர் வீணாவதில்லை.

முதல் சுற்றுக்குப் பால்டிமோர் ரேவன்ஸின் டெரிக் ஹென்றி. அந்த சீசனில் 1,921 யார்டு, 16 டச்டவுன். அவரை இவ்வளவு சீக்கிரம் செலவழிப்பதா என்று நண்பர்கள் கேட்டார்கள். எதிரே பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். மூன்று வாரங்களுக்கு முன் இதே மைதானத்தில் அவர்களுக்கு எதிராக 162 யார்டு ஓடியிருந்தார். ரேவன்ஸின் முக்கியமான பந்து பிடிப்பாளர் ஸே ஃப்ளவர்ஸ் முழங்கால் காயத்தால் ஆடவில்லை, ஆகவே அணி ஓட்டத்தையே நம்பும். அடுத்த சுற்றிலோ அவர்கள் பெரும்பாலும் பஃபலோவின் குளிருக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே தோற்றால் ஆச்சரியமில்லை. ஹென்றி 26 முறை பந்தை வாங்கி 186 யார்டு ஓடினார், இரண்டு டச்டவுன். இரண்டாவது கால்பகுதியில் ரேவன்ஸ் ஒரு பாஸ்கூட எறியாமல் ஓடியே 85 யார்டு கடந்தார்கள். அதை முடித்துவைத்தவர் ஹென்றிதான். 30 புள்ளிகளுக்கு மேல் கைக்கு வந்தது.

அவருக்குத் துணையாக ஹூஸ்டன் டெக்சன்ஸின் ஜோ மிக்ஸன். டெக்சன்ஸ் ஜெயித்தாலும் அடுத்த வாரம் கான்சாஸ் சிட்டியில் தோற்பார்கள் என்பது என் கணிப்பு. 106 யார்டு, ஒரு டச்டவுன். பஃபலோ பில்ஸின் ஜேம்ஸ் குக்கை எடுக்கவும் கை துறுதுறுத்தது. ஆனால் எதிரே இருந்த டென்வர், ஓட்டத்தைத் தடுப்பதில் வலுவான அணி. குக்கை ஒதுக்கிவைத்தேன். அவரோ 120 யார்டு ஓடினார்! பரவாயில்லை, பில்ஸ் ஜெயித்துவிட்டார்கள், குக் என் கையில் பத்திரமாக இருந்தார்.

இரண்டாவது சுற்றில்தான் உண்மையான வேலை. என்.எஃப்.எல். அணிகள் வாரம் முழுவதும் காய அறிக்கை வெளியிட வேண்டும்: யார் முழுப் பயிற்சி செய்தார், யார் பாதி, யார் செய்யவேயில்லை என்று. ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது ஆடாதவர்களின் பட்டியல் வரும். ஆட்டம் தொடங்கிவிட்டால் நம் பட்டியல் பூட்டிக்கொள்ளும். டெட்ராய்டின் ஜமீர் கிப்ஸை எடுப்பதா என்ற கேள்வியில் அந்த அறிக்கைகளை வரிவரியாகப் படித்தேன். அவரோடு பந்தைப் பகிர்ந்துகொள்ளும் டேவிட் மான்ட்கோமரி முழங்கால் காயத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். மான்ட்கோமரி வந்தால் கிப்ஸின் பங்கு குறையும்.

குழுவில் பாதிப் பேர் கிப்ஸை இறுதிப்போட்டிக்காகச் சேமித்தார்கள். 15 வெற்றி, இரண்டே தோல்வி என்று வந்த லயன்ஸ், வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் தோற்பார்களா என்ன? ஆனால் லயன்ஸின் தடுப்பு வீரர்களில் ஏகப்பட்ட பேர் காயத்தில் விழுந்திருந்தார்கள். வாஷிங்டனோ ஓட்டத்தைத் தடுப்பதில் லீக்கின் கடைசி வரிசை அணிகளில் ஒன்று. பாதிப் பந்து கிடைத்தாலும் இந்தத் தடுப்புக்கு எதிராக கிப்ஸுக்கு அது போதும் என்று நினைத்தேன். சனிக்கிழமை இரவு அவர் 105 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் அடித்தார், பாஸ் பிடித்து இன்னும் 70 யார்டு சேர்த்தார். லயன்ஸ் 45-31 என்று தோற்று வெளியேறினார்கள். கிப்ஸைச் சேமித்தவர்களின் பட்டியலில் அன்றோடு ஓர் ஓட்டை விழுந்தது.

இன்னொருவர் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் கைரன் வில்லியம்ஸ். ராம்ஸ் தங்கள் ரன்னிங் பேக் வேலையை ஏறக்குறைய முழுவதும் ஒருவருக்கே கொடுக்கும் அணி. பிலடெல்பியாவில் தோற்பார்கள் என்று எதிர்பார்த்ததால் அவரை அன்றே எடுத்தேன். பனி கொட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் 106 யார்டு ஓடினார், கடைசிக் கால்பகுதியில் பந்தை இழந்து இரண்டு புள்ளியைக் கரைத்தார். அதே ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் நான் எடுக்காமல் வைத்திருந்த பார்க்லி 205 யார்டு! 62 யார்டுக்கு ஒரு டச்டவுன், ஆட்டம் முடியும் தறுவாயில் பனியைக் கிளப்பிக்கொண்டு 78 யார்டுக்கு இன்னொன்று. அந்த இரண்டாவது ஓட்டத்தை எழுந்து நின்று பார்த்தேன். ஈகிள்ஸ் 28-22 என்று ஜெயித்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது, பார்க்லி இன்னும் என் கையில்தான்.

அன்று இரவு வயிற்றைக் கலக்கியது பஃபலோ ஆட்டம். ரேவன்ஸின் தடுப்பு அந்த சீசனில் மிகக் குறைந்த யார்டுகளை ஓடவிட்ட அணி என்பதால் குக்கை இரண்டாவது முறையும் நிறுத்திவைத்திருந்தேன். பில்ஸ் தோற்றால் குக்கும் போய்விடுவார். இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் ரேவன்ஸ் டச்டவுன் அடித்து 27-25க்கு வந்து, சமன் செய்ய இரண்டு புள்ளி முயற்சிக்குப் போனார்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் எறிந்த பந்து மார்க் ஆண்ட்ரூஸின் கைகளில் பட்டு நழுவியது. குக் பிழைத்தார். தேர்வில் திட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசியில் ஒரு வழுக்கும் பந்தின் தயவில்தான் நிற்கிறோம் என்பதை இந்த ஆட்டத்தை ஆடுபவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

மூன்றாவது சுற்றுக்கு முந்தைய வாரம் முழுவதும் என்னைத் தூங்கவிடாத கேள்வி பார்க்லி. இப்போதா, இறுதிப்போட்டிக்கா? ஈகிள்ஸ் இறுதிக்குப் போவார்கள் என்று நானே நம்பினேன். அப்படியானால் சேமிப்பதுதானே முறை? குழுவை நடத்தும் மூத்த சக ஊழியர், பிலடெல்பியாவிலேயே பிறந்து வளர்ந்தவர், "இறுதிப்போட்டியில் அவர் இல்லாமல் எப்படி உட்கார்ந்து பார்ப்பீர்கள்?" என்றே கேட்டார்.

நான் எதிரணிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது சுற்றில் எதிரே அதே வாஷிங்டன். அந்த சீசனில் இரண்டு முறை அவர்களைச் சந்தித்து ஒருமுறை 146 யார்டு, இன்னொரு முறை 150 யார்டு ஓடியிருந்தார் பார்க்லி. இரண்டிலும் இரண்டிரண்டு டச்டவுன். இறுதிப்போட்டியில் பெரும்பாலும் கான்சாஸ் சிட்டி வரும். கிறிஸ் ஜோன்ஸ் நடுவில் நிற்கும் தடுப்பு. தயாராக இரண்டு வாரம் கிடைத்தால் அவர்கள் முதலில் பூட்டுப் போடுவது பார்க்லிக்குத்தான். இந்த வாரம் அவர் தரக்கூடியது பெரிது, உறுதியும்கூட. இறுதியில் அவருக்குப் பதிலாக நான் எடுக்கப்போகும் சாதாரண வீரருக்கும் அவருக்கும் இருக்கும் இடைவெளி அங்கே சுருங்கிவிடும். எடுத்துவிட்டேன்.

ஜனவரி 26. வாஷிங்டன் 18 முறை பந்தை நகர்த்திப் பார்த்து, ஏழு நிமிடத்துக்கும் மேல் பந்தை வைத்திருந்து, மூன்று புள்ளி எடுத்தார்கள். பிறகு ஈகிள்ஸின் கைக்குப் பந்து வந்த முதல் முயற்சி. பார்க்லி பந்தை வாங்கினார், முதல் இருவரை உதறினார், வெளிப்பக்கம் திறந்தது, 60 யார்டு, டச்டவுன். அன்று 118 யார்டும் மூன்று டச்டவுனும் அடித்தார். ஏறக்குறைய 30 புள்ளிகள். ஈகிள்ஸ் 55-23. மாலையில் குக் 85 யார்டு ஓடி இரண்டு டச்டவுன் சேர்த்தார். அதில் ஒன்று, கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் தாவி, உடல் முழுவதையும் நீட்டிப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் எட்ட வைத்தது. பில்ஸ் 32-29 என்று தோற்றார்கள். குக் வெளியேறிய அதே நாளில்தான் அவரை எடுத்திருந்தேன்.

இறுதிப்போட்டிக்கு என்னிடம் மிச்சமிருந்தவர்கள் ஹன்டும், பார்க்லிக்கு மாற்றாக வரும் கென்னத் கெயின்வெல்லும். இருவரும் சேர்ந்து சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தரவில்லை. இடைவேளையில் ஈகிள்ஸ் 24-0 என்று முன்னிலை பெற்றதும் சீஃப்ஸ் ஓட்டத்தையே கைவிட்டார்கள், ஹன்டுக்குப் பந்து வரவில்லை. பார்க்லியை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 57 யார்டு ஓட்டமும் ஆறு பாஸில் 40 யார்டும், மொத்தம் 12.7 புள்ளி. ப்ளேஆஃப் உட்பட ஒரே சீசனில் அதிக யார்டு ஓடிய சாதனையை அவர் டெரல் டேவிஸிடமிருந்து பறித்தது அன்றுதான், அதுவும் தன் பிறந்தநாளில். டச்டவுன் மட்டும் இல்லை. முதல் டச்டவுனை வழக்கம்போல ஹர்ட்ஸ் முட்டிக்கொண்டு போய் அடித்தார்.

ரன்னிங் பேக் பகுதியில் எங்கள் குழுவிலேயே என்னுடையதுதான் அதிகப் புள்ளி. இறுதிப்போட்டிக்கு ஒருவரைத் தொடாமல் வைப்பதும், வெளியேறப்போகும் அணியின் ஆளை அந்த வாரமே எடுப்பதும் அடுத்த ப்ளேஆஃபிலும் அப்படியே தொடரும். மாற்றப்போவது ஒன்று: கடைசிச் சுற்றுக்கு வைக்கும் இருவரையும் வேறு வேறு அணியிலிருந்து எடுப்பதோடு நிற்காமல், பின்தங்கும் அணியில் பாஸ் பிடிக்க அனுப்பப்படுபவர் யார் என்றும் பார்த்து அவரையே வைக்கப்போகிறேன்.