சுவரைத் தாண்டாத வைஃபை

கொக்குவிலில் உள்ள எங்கள் பழைய நாற்சார் வீட்டின் பின்னறைக்குப் போனாலே, உயர்தரம் படிக்கும் மகளின் சூம் வகுப்பு அறுந்துவிடும் என்பதால், கூடிய வேகமுள்ள பைபர் பொதிக்கு மாறுவதென்று முடிவெடுத்திருந்தேன். அதற்கு முன் மடிக்கணினியை ரவுட்டருடன் கேபிளில் இணைத்து அளந்தபோது, நாங்கள் பணம் கட்டும் வேகம் முழுமையாகவே வந்துகொண்டிருந்தது. தொலைந்தது வீட்டுக்குள்தான்.

இணைப்புத் தர வந்தவர் ரவுட்டரை விறாந்தை மூலையில், இரும்பு அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போயிருந்தார். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை வேகமானதென்றாலும் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய தடித்த சுவர்களில் விரைவாக வலுவிழக்கும், 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அயல்வீட்டு வைஃபைகளோடு நெரிபடுவதால், அதற்குள் உள்ள 1, 6, 11 ஆகிய தடங்களில் (சானல்களில்) நெரிசல் குறைந்த ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ரவுட்டரை முற்றத்தைப் பார்த்த சுவரில் ஆளுயரத்துக்கு மேலே பொருத்தினேன். பின்னறைக்கு லான் கேபிள் இழுத்து, அதன் முனையில், கேபிளில் வரும் இணைப்பை அங்கிருந்தே வைஃபையாகப் பரப்பும் ஓர் அக்சஸ் பொயின்ற் வைத்தேன். ரவுட்டரின் வைஃபையை ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கும் மலிவான எக்ஸ்டென்டர்கள் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும்; கேபிள் இழுக்க வழியிருந்தால் அவற்றை வாங்காதீர்கள்.

நேற்று மாலை மகள் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு மணிநேர வகுப்பை ஒரு தடவையும் வெட்டுப்படாமல் முடித்தாள். பொதியை மாற்றவில்லை.